சங்கிலிக் காசு

ரூபன் கம்லூப்ஸிலிருந்து வொயிஸ் போட்டிருந்தான்.
மலையேற்றத்தில் பனியாம்.
எட்டு ரயருக்குச் சங்கிலி பூட்டி
விரல் விறைத்துப்போய் இருக்கிறானாம்.
பூட்ட ஒரு காசு, கழற்ற ஒரு காசு,
கொம்பனிக் கணக்கில் அதுக்கெண்டு தனி வரி.
"உங்கை எப்பிடி மச்சான்?" என்று முடித்திருந்தான்.
பின்னால் வைப்பர் அடிக்கிற சத்தம்.

இஞ்சையும் பனிதான், மார்கழிப் பனி.
தலையில் துவாய் கட்டினால் போதும்.
ரயரைப் பிடிக்கிறது செம்பாடு.
குப்பிளான் ஒழுங்கை மூன்று நாள் மழை குடித்து
சவர்க்காரக் கட்டி மாதிரிக் கிடந்தது.
வெறும் லொறி உள்ளே போய்விடும்.
கோவா ஏற்றின லொறி வெளியே வராது.

என்னுடைய சங்கிலி மயிலிட்டியில் வாங்கினது.
உடைக்கப்போட்ட வள்ளமொன்றின் நங்கூரச் சங்கிலி.
ஏழாலையில் வெட்டிக் கொளுக்கி ஒட்டினேன்,
பதினெண்ணாயிரம், என் காசு.
எவ்வளவு கழுவினாலும் உப்புக் கக்கும்.

ஒவ்வொரு பயணமும் பில்லின் அடியில் எழுதுவேன்:
டீசல், ஏற்றுகூலி, தேத்தண்ணி,
சங்கிலி ஆயிரத்தைந்நூறு.
ஒவ்வொரு பயணமும் தவச்செல்வம் முதலாளி
கடைசி வரியை மட்டும்
அடிமட்டம் வைத்து நேராக வெட்டுவார்.
"ஓடத்தானே சம்பளம்?"

நேற்று நான் பூட்டவில்லை.
சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டு
மட்காட்டில் இருந்தேன்.
டிலக்சன், கிளீனர் பொடியன்,
"அண்ணை, நான் கீழை பூரட்டோ?" என்றான்.
"இரடா."
மழை திரும்பவும் பிடித்தது.

தோட்டக்காரி லோகநாயகி
விடியப்புறம் மூன்று மணியிலிருந்து
ரோச் வெளிச்சத்தில் வெட்டின கோவா.
படங்கின் கீழ் அது வியர்க்கத் தொடங்கிவிட்டது.
அவள் வந்தாள், சங்கிலியைப் பார்த்தாள்.
"தம்பி, சுரிக்குள்ளை இறங்க உனக்குக் காசு.
எனக்கு?"
முழங்கால் வரைக்கும் சிவப்பு அவளுக்கு.
நான் வைப்பரைப் பார்த்தேன்.
அது ஓடாமல் நின்றது.

பத்து மணிக்கு முதலாளி வந்தார்.
கிணற்றடி வளைவில் மோட்டச்சைக்கிள் சறுக்கி
ஒரு பக்கம் முழுக்கச் செம்பாடு.
என்னை, லொறியை, வானத்தைப் பார்த்தார்.
தம்புள்ளைச் சந்தை ஆருக்காகவும் நிற்காது.
"சரி, எழுதித் துலை."

அப்பதான் பூந்தேன்.
பிடரிக்குள்ளால் தண்ணி, வாய்க்குள் மண்.
கண்ணி கண்ணியாய் இழுத்துச் சுற்றி
கடைசிக் கொளுக்கிக்கு ஒரு இஞ்சி காணாமல்
காற்றுத் திறந்து, மாட்டி, பிறகு அடிச்சு...
ரூபன், எனக்கும் விரல் விறைத்தது.
இரண்டு தரம் வழுக்கி
மூன்றாம் தரம் கடித்தது.
டிலக்சன் விசிலடித்தான்.

தார் றோட்டில் நின்று
மோட்டச்சைக்கிள் தாங்கியில் வைத்து
முதலாளி அவளுக்கு பில் எழுதினார்.
கோவா மூவாயிரத்து எண்ணூற்று அறுபது கிலோ.
கழிவு, பத்துக்கு ஒன்று, வழக்கம்.
அதுக்குக் கீழே, முன்பு ஒருநாளும் இல்லாத சொல்:
பாதை. ஆயிரத்தைந்நூறு.

சங்கிலியைக் கழற்றக் குனிந்திருந்த எனக்கு
அந்தத் தாள் கண்ணுக்கு நேரே.
அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
நாலாய் மடித்தாள்.
வெறும் சாக்குகளை எண்ணத் தொடங்கினாள்,
பதினொன்று, பன்னிரண்டு, என்று
எல்லோருக்கும் கேட்க.

காசு என் பொக்கற்றில்தான் இருக்குது.
திருப்பிக் கொடுத்தேன் என்று
இதில் எழுதினால் பொய்.

கொடிகாமத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தி
பெட்டியைத் திறந்தேன்.
கண்ணிகளுக்குள் காய்ந்த அவளுடைய தோட்டம்
சில்லுச் சில்லாய்க் கொட்டியது.
ரூபனுக்கு வொயிஸ் போட்டேன்:
"உங்கை உந்தக் காசு
ஆற்றை பில்லிலை கழியுது எண்டு
ஒருக்கா விசாரிச்சுச் சொல்லு."

இரண்டு சரி விழுந்திருக்குது.
நீலமாகவில்லை.
எங்கேயோ ஒரு ஏற்றத்தில்
குனிந்துகொண்டு நிற்கிறான்போல.